கல்லறைத் தோட்டத்தில் ஒரு கடைசிப் பரீட்சை

1

போன வாரம் ரோஸ்லின் அம்மா போன் செய்தார். புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரர். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் பங்குச் சாமியாராக இருக்கும் இந்த வட பிரான்சு ஊரில், ஒரு ஐந்தாம் மாடியில் குடியிருக்கிறார்கள். பண்டிகை நாளில் எனக்கு ஒரு வாய் மீன் குழம்பு கிடைப்பது அந்த வீட்டில்தான். அதனால் அவர் கூப்பிட்டால் ஆயர் கூப்பிட்டதுபோல ஓடுவேன்.

"சாமி, ஒருவாட்டி வூட்டுக்கு வந்துட்டுப் போங்க. இந்தப் பொண்ணு படிக்குதா இல்லையான்னே தெரில. பெரிய பரீட்சை வருது."

"ஏம்மா, புத்தகத்தையே தொடறதில்லையா?"

"புத்தகம் கையிலதான் சாமி இருக்குது. சத்தந்தான் காணோம்!"

புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையை நான் விளக்க வேண்டியதில்லை. பிள்ளை படிக்கிறது என்றால் தெருமுனை வரைக்கும் கேட்க வேண்டும். போனேன். மகள் சில்வி கட்டிலில் சாய்ந்து, காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு, உதடு அசையாமல் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தாள். படிக்கிறாயா என்று தமிழில் கேட்டேன். படிக்கிறேன் என்று பிரெஞ்சில் சொன்னாள். இன்னொரு கேள்வி தமிழில் கேட்டேன். அதற்குத் தோளைக் குலுக்கினாள். அதுவும் பிரெஞ்சுதான்.

"கேட்டீங்களா? ஊட்டி வளத்தவ பேசற பாஷையில ஒரு வார்த்த வருதா பாருங்க" என்றார் ரோஸ்லின் அம்மா.

இந்த ஊர்ப் பிள்ளைகள் மனதுக்குள்தான் படிப்பார்கள், அதுதான் சரியான முறை என்று பெரிய மனிதன் மாதிரி எடுத்துச் சொன்னேன். அவர் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, "நீங்களும் இங்கதான படிச்சீங்க? அப்படித்தான் வாய மூடிக்கிட்டுப் படிச்சீங்களா சாமி?" என்று கேட்டார். சட்டென்று இருமல் வந்துவிட்டது. அந்த இருமலுக்கான காரணத்தை எழுதி வைக்கலாமே என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

நான் முதலியார்பேட்டையில் மில் சங்கு கேட்கும் தூரத்தில் பிறந்தவன். அப்பா அந்தோணிசாமி, எங்களுக்கு நைனா, மில்லில் நூல் பிரிவில் வேலை பார்த்தார். வீடு ஓர் அறை, ஒரு தாழ்வாரம், பின்னால் கொல்லை. ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்குவார். நான் சத்தம் போட்டுப் படித்தால் அவர் எழுந்துவிடுவார், அவர் எழுந்தால் எனக்கு நல்லதல்ல. அதனால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போய்விடுவேன்.

அங்கே நடந்துகொண்டே படிப்பதுதான் என் வழி. சுங்க அலுவலகத்தில் ஆரம்பித்தால் பழைய கலங்கரை விளக்கத்துக்கு வரும்போது ஒரு பத்தி முடிய வேண்டும். திரும்பினால் அடுத்த பத்தி. எந்தப் பாடம் எந்த விளக்குக் கம்பத்தில் இருக்கிறது என்று என் கால்களுக்குத் தெரியும். அங்கே சுண்டல் விற்றவர் ஒருநாள் என்னை நிறுத்தி, "இன்னா தம்பி, ஔரங்கசீப்பு நேத்தும் இதே எடத்துலதான் செத்தாரு, இன்னிக்கும் சாவறாரா?" என்று கேட்டார். பரீட்சை முடியும் வரைக்கும் சாவார் என்று சொன்னேன்.

இப்படிப் படித்தே முதல் வகுப்பு வாங்கினேன், குருமடத்துக்குப் போனேன், அங்கேயும் மாமரங்களைச் சுற்றிச் சுற்றித் தத்துவம் படித்தேன். "இவன் புதுச்சேரிப் பையன், பிரெஞ்சு தெரியும்" என்று சொல்லி மேலே இறையியல் படிக்க என்னைப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, வயதான கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்த ஜெபப் பிரெஞ்சு. சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்டால்கூட மன்றாட்டு மாலை மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்கள்.

வதிவிட அட்டைக்கு அலுவலகம் போனால் அங்கே வேறு கூத்து. "நீங்கள் பிறந்தபோது பாண்டிச்சேரி பிரான்சுதானே? பிறகு எதற்கு உங்களுக்கு அட்டை?" என்று அங்கிருந்த அம்மாள் ஒவ்வொரு வருஷமும் கேட்பார். எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று ஊரில் எழுதிக் கொடுக்கச் சொன்ன காலத்தில், "அந்த க்யூவுல நிக்க அரை நாள் லீவு போடச் சொல்றியா?" என்று கேட்டவர் என் நைனா. அதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

3

கடைசி வருஷம். எழுபதுகளின் பின்பாதி. ஜூன் மாதம் வாய்மொழிப் பரீட்சை. அதில் தேறினால் பட்டம். பட்டத்தோடு ஊருக்குப் போனால் ஜனவரியில் குருப்பட்டம், சாமியாராக அபிஷேகம். தேறாவிட்டால் அட்டையும் புதுப்பிக்க மாட்டார்கள், குருப்பட்டமும் எப்போது என்று தெரியாது. பட்டத்தோடு வந்தால்தான் குருப்பட்டம் என்று ஊரில் ஆயர் இல்லத்திலிருந்து கண்டிப்பாக எழுதியிருந்தார்கள்.

நாங்கள் தங்கியிருந்த இல்லம் ஒரு கிராமத்தின் ஓரத்தில் இருந்தது. நூலகத்தில் ஊசி விழுந்தால்கூட நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நான் அறைக்குள் நடந்து படித்தேன். பக்கத்து அறை ழாக் சுவரைத் தட்டினான். தாழ்வாரத்தில் நடந்தேன். இல்லத் தலைவர் கதவைத் திறந்து, "இது ஜெபமா, படிப்பா?" என்று கேட்டார்.

"படிப்பு, சாமி."

"அப்படியானால் நிறுத்துங்கள்."

சத்தத்தை மட்டும் நிறுத்தினேன். தாழ்வாரத்துக் கோடிக்கும் கோடிக்கும், முணுமுணுத்துக்கொண்டாவது, எல்லாவற்றையும் ஏற்றி வைத்தேன். கடைசிக் காரியங்கள் என்று ஒரு பாடம். சாவு, தீர்வை என்னும் தீர்ப்பு, மோட்சம், நரகம். நம்மூர் ஞானோபதேசத்தில் நாலே வார்த்தை. இங்கே நானூறு பக்கம். மனப்பாடம் என்றால் அப்படி ஒரு மனப்பாடம், யாராவது பாதியில் உலுக்கினால்கூட விட்ட இடத்திலிருந்து சொல்வேன்.

பரீட்சை அறைக்குள் போனேன். பேராசிரியரும் சாமியார்தான், மெலிந்த மனிதர், கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். நாற்காலியைக் காட்டி, "உட்காருங்கள்" என்றார்.

உட்கார்ந்தேன். அவ்வளவுதான். நானூறு பக்கமும் என் கால்களில் இருந்தது. கால்கள் மேசைக்கடியில் சும்மா கிடந்தன. "மரணத்துக்குப் பிறகு வரும் சுத்திகரிப்பைப் பற்றி, உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லுங்கள்" என்றார் அவர். சொந்த வார்த்தையா? நம்மூரில் சொந்த வார்த்தை எழுதினால் அரை மதிப்பெண் குறைப்பார்களே! மோட்சத்துக்குப் போகுமுன் ஆத்துமா கறை போக்கிக்கொள்ளும் இடத்துக்கு நம்மூர்ப் பெயர், உத்தரிக்கிற ஸ்தலம் என்று தமிழில் ஒன்று மட்டும் வாயில் வந்தது. அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் பாவம்? மற்ற பாடங்களில் எப்படியோ தப்பித்தேன். இதில் செப்டம்பரில் திரும்ப வரச் சொன்னார்கள்.

4

தோல்வி என்று ஊருக்கு எழுதக் கை வரவில்லை. "செப்டம்பரில் இன்னும் ஒரு பாடம் இருக்கிறது" என்று மட்டும் எழுதினேன். நைனா அதை, பையன் கெட்டிக்காரன், அதனால் கூடுதலாக ஒரு பாடம் கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். மில்லில் போய் அப்படியே சொல்லியும் விட்டார்.

ஆகஸ்டு கடைசியில் தடித்த உறை ஒன்று வந்தது. திறந்தால் குருப்பட்ட அழைப்பிதழ். பொன்னெழுத்து. நடுவில் என் பெயர், பெயருக்குப் பின்னால் நான் இன்னும் வாங்காத பட்டம், அதற்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் பிரான்சு. நெல்லித்தோப்பு மாதா கோயில் திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் எல்லாரும் வருவார்கள், கையோடு கொடுத்துவிட்டால் கனகசெட்டிக்குளம் வரைக்கும் வீடு வீடாக அலைய வேண்டாம் என்று நைனா ஜூலையிலேயே அடித்துவிட்டார். கொடுத்தும் முடித்துவிட்டார். கூடவே ஒரு துண்டுத் தாளில் எழுதியிருந்தார்: "உனக்கும் ஒண்ணு வச்சிருக்கேன். தவறாம வந்துடு."

என் குருப்பட்டத்துக்கு எனக்கே அழைப்பு! சிரிப்பு வந்தது, உடனே நின்றும் விட்டது. நான் தோற்றால் நான் தோற்றதோடு போகாது. நைனா திருவிழாவில் கையோடு கொடுத்ததற்கெல்லாம் இப்போது ஒவ்வொரு வீட்டுப் படியாக ஏறி இல்லை என்று சொல்ல வேண்டும். மில் வாசலில் அவர் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

இனி வாயை மூடிக்கொண்டு படிக்க முடியாது என்று முடிவு செய்தேன். இல்லத்தின் மதிலுக்கு அப்பால் கிராமத்துக் கல்லறைத் தோட்டம் இருந்தது. நேரான நீண்ட சரளைப் பாதை, இரண்டு பக்கமும் கல்லறைகள், ஆள் நடமாட்டமில்லை, சுவரைத் தட்ட யாருமில்லை. கல்லறைத் திருநாள் தவிர மற்ற நாளில் அந்தப் பக்கமே போகாத வீட்டுப் பிள்ளை நான். அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டுவிட்டு, மேலே தீர்த்தமும் தெளித்திருப்பார். எனக்கென்ன, பரீட்சை. வாசலில் சாவு என்று ஆரம்பிப்பேன். கோடியில் ஒரு தண்ணீர்க் குழாய். அங்கே போய்ச் சேரும்போது சுத்திகரிப்பு வரும். அதைச் சத்தமாக முழுதும் சொல்லி முடித்து, குழாயைச் சுற்றித் திரும்பி, மோட்சத்தோடு வாசலுக்கு வருவேன்.

5

அந்தக் குழாய்க்கு எதிரில் இருந்த கல்லறைக்கு ஓர் அம்மாள் தினமும் பிற்பகலில் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வருவார். மதாம் வெர்னியே. கறுப்பு உடை, குள்ள உருவம். நான் தலையை ஆட்டுவேன், அவரும் ஆட்டுவார், நான் என் பாட்டுக்குக் கத்திக்கொண்டு போவேன். ஒருநாள் பாதையின் நடுவில் வந்து நின்றுவிட்டார். கையில் இருந்த பூவாளி சாய்ந்து, தண்ணீர் அவருடைய செருப்பில் சிந்தியது.

"சாமி, மறைக்காமல் சொல்லுங்கள். என் மார்செலுக்கு என்ன ஆயிற்று?"

"நான் இன்னும் சாமியார் ஆகவில்லை மதாம். ஒரு பரீட்சை பாக்கி இருக்கிறது."

அது அவர் காதில் விழவேயில்லை. "எத்தனையோ கல்லறை இருக்கிறது. மார்செலுக்கு முன்னால் வந்ததும் நிற்கிறீர்கள். சுத்திகரிப்பு, வேதனை, காத்திருப்பு என்று சொல்கிறீர்கள். பிறகு திரும்பிப் போய்விடுகிறீர்கள். ஒருநாளும் தவறவில்லை. உங்கள் நாட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியும் என்று சொல்வார்கள். என்ன தெரிந்தாலும் சொல்லிவிடுங்கள்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடவுளே, எனக்கு அந்தக் குழாய்தானே கணக்கு! அதன் எதிரில் படுத்திருப்பவர் யார் என்று ஒருநாளாவது பெயரைப் படித்திருப்பேனா? குழாய், பாடம், கால்கணக்கு என்று உளறிக்கொட்டி விளக்கினேன். அவர் நம்பவில்லை. என்னைச் சமாதானப்படுத்தப் பார்க்கிறீர்கள் என்றார்.

பிறகு அவரே சொன்னார். மார்செல் ரயில்வேயில் இருந்தவர். நல்ல மனிதர், பிடிவாதக்காரர். கல்யாணத்துக்குப் பிறகு கோயிலுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. மனைவி பூசை காண்கிற நேரம் வெளியில் நின்று சிகரெட் பிடிப்பார். போன வசந்தத்தில் ஏணியிலிருந்து விழுந்து, சாமியார் வருவதற்குள் போய்விட்டார். "எல்லாரும் ஆறுதலாக ஏதேதோ சொன்னார்கள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். அவர் எங்கே?"

நான் நாலு பக்கம் ஒப்பித்தேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "இது மார்செலுக்குப் புரியாது. எனக்கும் புரியவில்லை. அவர் எங்கே?" என்றார்.

மறுநாள் வேறு பாதையில் போய்ப் பார்த்தேன். பலிக்கவில்லை. மோட்சம் இருக்க வேண்டிய இடத்தில் நரகம் வந்து நின்றது. வேறு வழியில்லாமல் குழாய்க்கே திரும்பினேன். அவர் அங்கே இருந்த பெஞ்சில் காத்துக்கொண்டிருந்தார். தினமும் அதே கேள்வி. தினமும் நான் ஒரு புது பதில் சொல்வேன், முந்தின நாளைவிட மோசமாக இருக்கும். அந்தப் பேராசிரியராவது இரண்டு தடவையோடு விடுவார். இவர் விடுகிற ஆளில்லை.

பரீட்சைக்கு இரண்டு நாள் இருந்தபோது, என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டாரோ என்னவோ, அன்று அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. "உங்கள் அப்பா என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டார். எனக்கு உயிர் வந்தது. இதற்கு மனப்பாடம் வேண்டியதில்லையே!

சொன்னேன். மில்லிலிருந்து வரும்போது நைனாவின் தலை, புருவம், காதுமடல் எல்லாம் பஞ்சு ஒட்டி வெள்ளையாக இருக்கும். தங்கச்சி ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளப் பார்ப்பாள். "கிட்ட வராத, பஞ்சு, பஞ்சு" என்று கையை உயர்த்திக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்து நேராகக் கொல்லைக்குப் போவார். தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்கும். உள்ளே அம்மா சோற்றை வடித்துத் தட்டை வைத்துவிடுவார். குழம்பு வாசனை கொல்லைக்குப் போகும், கொல்லையிலிருந்து இருமல் சத்தம் உள்ளே வரும். அவர் வந்து உட்காராமல் நாங்கள் யாரும் சாப்பாட்டில் கை வைக்க மாட்டோம். அந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாடா, நைனா வந்துட்டாரா?" என்று கேட்டால் நான் சொல்வேன்...

அங்கே நின்றுவிட்டேன்.

"என்ன சொல்வீர்கள்?" என்றார் மதாம்.

"வந்துட்டாரு, குளிக்கிறாரு என்று சொல்வேன்." பிறகு கல்லறைப் பக்கம் கையைக் காட்டினேன். "மதாம், மார்செலும் வந்துவிட்டார். குளிக்கிறார்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்தேன்.

"மார்செல் குளிக்கப் போனால் லேசில் வர மாட்டார்" என்றார் கடைசியில். "சோப்பு எங்கே, சோப்பு எங்கே என்று உள்ளேயிருந்து கத்திக்கொண்டே இருப்பார். கைக்கு எதிரில்தான் இருக்கும்." சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. நானும் அழுதேன், ஏன் சொல்லக்கூடாது? பிறகு கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு, "பரீட்சை பாஸானால் வந்து சொல்லிவிட்டுப் போங்கள்" என்றார்.

6

அதே அறை, அதே நாற்காலி, அதே கண்ணாடி. "உட்காருங்கள்." உட்கார்ந்தேன். எதிர்பார்த்தபடியே நானூறு பக்கமும் இறங்கிப் போனது. அதே கேள்வியைக் கேட்டார். சரி, போனது போகட்டும் என்று என் நைனாவைக் கொல்லைக்கு அனுப்பினேன். பஞ்சைச் சொன்னேன், தொட்டியைச் சொன்னேன், குழம்பைச் சொன்னேன். குளிப்பது தண்டனை இல்லை, வீட்டுக்கு வெளியே நிற்க வைப்பதும் இல்லை, வந்து சேர்ந்தவனுக்குத்தான் குளியல் என்று சொன்னேன். என் பிரெஞ்சில் இலக்கணம் அங்கங்கே நொண்டியது. அவர் குறுக்கிடவில்லை.

"யாருடைய கருத்து இது?" என்று பேனாவை எடுத்தார்.

"அந்தோணிசாமி" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது, ஆனால் பொய்யில்லையே!

"கேள்விப்பட்டதில்லை. எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்." சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டார். "எந்த நூல்?"

"இன்னும் அச்சாகவில்லை சாமி."

தலையை ஆட்டினார். மயிரிழையில் தேறவைத்துவிட்டார். இலக்கணத்துக்காகத்தான் குறைத்தேன் என்று அவரே பிறகு சொன்னார். அன்றே ஊருக்குத் தந்தி அடித்தேன், பாஸ் என்று. அதற்கு நைனா எழுதிய பதில் ஒரே வரி: "அதான் பத்திரிகையில போட்டாச்சே." குருப்பட்டம் நடந்தது, ஊரே வந்து சாப்பிட்டது, சில வருஷம் கழித்து இந்த ஊர்க்காரர்கள் ஆள் பற்றாக்குறை என்று என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள், இன்னும் திருப்பித் தரவில்லை. அதெல்லாம் பிற்பாடு.

தந்தி அடித்த கையோடு கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினேன். மதாம் வெர்னியே பெஞ்சில் இல்லை. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி முடித்து, வாசல் பக்கம் வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவருக்குப் பின்னால், மார்செலின் கல்லறை மேல் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்த ஒரு துவாலை.

திரும்பிப் பார்த்தேன். அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது போலிருக்கிறது.

"வெளியே வரும்போது துடைத்துக்கொள்ள வேண்டாமா?" என்றார்.

நான் வானத்தைப் பார்த்தேன். அந்த ஊரில் செப்டம்பரில் எப்போது வேண்டுமானாலும் மழை வரும். அது நனையக்கூடாதே என்று பக்கத்து மரத்தின் கிளை கவிந்திருந்த கல்லறையின் தலைமாட்டில் நகர்த்தி வைத்தேன். அவரும் வந்து மடிப்பைச் சரிசெய்தார். இரண்டு பேரும் வாசல் வரைக்கும் சேர்ந்து நடந்தோம். அறைக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, பாஸானதை அவரிடம் சொல்லவேயில்லை. அவரும் கேட்கவில்லை.